நூலகத்தில் தேடுவது எப்படி? கல்லூரி மாணவர்களும் ஆசிரியர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நாகர்கோவில் பக்கம் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் நூலகராக இருக்கிறேன். 'தகவல் எழுத்தறிவு' என்ற பெயரில் மாணவர்களுக்கு வகுப்பும் எடுக்கிறேன். பெயர்தான் பெரிசு. வேண்டியதைத் தேடி எடுக்கணும், எடுத்ததை நம்பலாமா என்று பார்க்கணும், யாரிடமிருந்து எடுத்தோம் என்று சொல்லிவிட்டு எழுதணும், அவ்வளவுதான். துறை ஆசிரியர்கள் போனில் கேட்பதையும் பிள்ளைகள் கவுன்டரில் கேட்பதையும் இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். வரிசை ஒன்றும் கிடையாது, உங்களுக்கு வேண்டியதை மட்டும் படித்துக்கொள்ளலாம்.

முதலாண்டு மாணவர்களை ஜூன் மாதமே நூலகத்துக்குக் கூட்டிவரலாமா?

வரலாம். கதவு எங்கே, பையை எங்கே வைக்கணும், ஒரு தடவைக்கு எத்தனை புத்தகம் என்று பத்து நிமிஷத்தில் சொல்லி அனுப்பிவிடுவேன். அது பயிற்சி ஆகாது. அறுபது பேர் வரிசையாக நின்று ரேக்கைப் பார்த்துவிட்டுப் போவதில் யாருக்கும் எதுவும் தங்காது. பல வருஷம் அதையே செய்து, கல்லூரிக்குத் தரம் போட வரும் நாக் (NAAC) குழுவுக்குப் புகைப்படமும் எடுத்து வைத்தவன் என்பதால் சொல்கிறேன்.

அசைன்மென்ட் கொடுத்த மறுநாள் கூட்டிவாருங்கள். கையில் ஒரு தலைப்பு இருக்கணும், தேதி நெருங்குகிறதே என்ற பயமும் கொஞ்சம் இருக்கணும். அன்றைக்கு ஒரு மணி நேரம் கொடுத்தால் போதும்.

அந்த ஒரு மணி நேரத்தில் என்ன நடக்கும்?

முக்கால்வாசி நேரம் தலைப்பைச் சுருக்குவதிலேயே போகும். போன பருவத்தில் ஒரு பையனோடு நடந்த பேச்சைச் சொன்னால் புரியும்.

"தலைப்பு என்ன மக்களே?"

"மீனவர் பிரச்சினை, சார்."

"எந்த மீனவர்? மணக்குடியில் கட்டுமரத்தில் போகிறவரா, தூத்தூரிலிருந்து ஆழ்கடலுக்குப் போகிறவரா?"

"எங்க ஊரு தூத்தூர் பக்கம்தான் சார். அப்பா ஆழ்கடலுக்குத்தான் போவாங்க."

"ஒக்கிப் புயல் சமயத்தில் எங்கே இருந்தாங்க?"

"கடல்லதான். புயல் வருதுன்னு அவங்களுக்குத் தெரியவே தெரியாது. அவங்க போயி ரெண்டு வாரம் ஆயிருந்துது."

அவனுக்குத் தலைப்பு அங்கேயே கிடைத்துவிட்டது. பல நாள் தொலைவில் இருக்கும் விசைப்படகுக்கு வானிலை எச்சரிக்கை எந்த வழியில் போகிறது? 2017 நவம்பர் 30-இல் அந்தப் புயல் அடித்த பிறகு அந்த வழியில் என்ன மாறியது? 'மீனவர் பிரச்சினை' என்று போனால் ஆயிரம் பக்கம் வரும், எதை எடுப்பது என்று தெரியாது. இந்தக் கேள்விக்கு நாலைந்து ஆதாரங்களே கிடைக்கும், நாலைந்தும் உதவும்.

அடுத்து, இது யாருக்குத் தெரிந்திருக்கும் என்று ஒரு தாளில் எழுதச் சொன்னேன். வானிலை ஆய்வுத் துறை என்று எழுதினான். ஐதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையத்தை நான் சொன்னேன். மீன்வளத் துறை, செயற்கைக்கோள் வழியாக எச்சரிக்கை வாங்க படகுகளுக்குக் கொடுத்த நேவிக் கருவி என்று பட்டியல் நீண்டது. கடைசியில் "எங்க அப்பாவையும் எழுதலாமா சார்?" என்று கேட்டான். எழுதலாம். அதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

அதற்குப் பிறகுதான் கம்ப்யூட்டரைத் தொட விடுவேன்.

தமிழில் தேடினால் ஒன்றுமே வருவதில்லையே?

வரும், ஒரே எழுத்துக்கூட்டலில் தேடினால்தான் வராது. மேலே சொன்ன புயலையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒக்கி, ஓக்கி, ஒகி, ஓகி என்று ஆளாளுக்கு ஒரு மாதிரி எழுதியிருக்கிறார்கள். ஊர்ப் பெயரும் அப்படித்தான். நாகர்கோவில், நாகர்கோயில் இரண்டையும் போடணும். குளச்சலோடு கொளச்சலையும் சேர்த்துக்கொள்ளணும். ஆங்கிலத்தில் கன்னியாகுமரிக்கே இரண்டு மூன்று கூட்டல் இருக்கிறது, பழைய நூல்களில் 'கேப் கொமோரின்' என்றும் இருக்கும்.

இன்னொரு சிக்கல் வேற்றுமை உருபு. 'மீனவர்' என்று தேடினால் 'மீனவர்களுக்கு' என்று எழுதியிருப்பதைச் சில தேடுகருவிகள் விட்டுவிடும். அதனால் சொல்லை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கணும்.

மூன்றாவது காரணத்தை யாரும் சொல்லித் தருவதில்லை. யூனிகோடு பரவலாவதற்கு முன்பு தமிழை ஆளுக்கொரு எழுத்துருவில் தட்டச்சு செய்தார்கள். அந்தக் காலத்துப் பிடிஎஃப் கண்ணுக்குத் தமிழாகத் தெரியும், உள்ளே கம்ப்யூட்டருக்கு அது ஏதோ ஆங்கில எழுத்துக் குவியல். தேடினால் வராது, நகலெடுத்து ஒட்டினால் குப்பையாக வரும். ஸ்கேன் செய்து போட்ட பழைய புத்தகங்களும் பெரும்பாலும் வெறும் படங்கள்தான். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் அருமையான பழைய நூல்கள் இருக்கின்றன. அங்கே நூல் பெயர், ஆசிரியர் பெயரை வைத்துத் தேடி எடுத்து, பொருளடக்கத்தைக் கண்ணால் படிக்கணும். வேறு குறுக்குவழி இல்லை.

ஒரே தலைப்புப் புத்தகங்கள் ஏன் ஒரே ரேக்கில் இல்லை?

எங்கள் நூலகத்தில் டூயி தசம முறைப்படி எண் போட்டிருக்கிறோம். அந்த முறை 1876-இல் வந்தது. அதில் ஒரு பொருளை எந்தக் கோணத்தில் பேசுகிறோமோ அதை வைத்துத்தான் எண். ரப்பரைப் பாருங்கள். மரம் வளர்ப்பதும் பால்வெட்டும் 633-இல் பயிர்களோடு இருக்கும், ரப்பர் பொருள் தயாரிப்பு 678-இல், விலையும் உற்பத்திப் பொருளாதாரமும் 338-இல். குலசேகரத்திலிருந்து வரும் பிள்ளை ஒரு ரேக்கை மட்டும் பார்த்துவிட்டு "ரப்பருக்கு ரெண்டு புக்தான் இருக்கு" என்று திரும்பிப் போவது இதனால்தான். கேட்டலாக்கில் பொருள் தலைப்பைத் தட்டி மூன்று எண்ணையும் குறித்துக்கொண்டு நடங்கள்.

நம் கன்னியாகுமரி மாவட்ட வரலாறு இதைவிட வேடிக்கை. தமிழ்நாட்டு வரலாற்றுக்கு 954.82, கேரள வரலாற்றுக்கு 954.83. 1949 வரை நாம் திருவிதாங்கூர், பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி, அன்றுதான் தமிழ்நாட்டோடு சேர்ந்தோம். ஆகவே திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மா ஒரு எண்ணில் இருப்பார், அவர் அரண்மனை இருக்கும் பத்மநாபபுரம் அடுத்த எண்ணில் இருக்கும். இரண்டு தட்டையும் பாருங்கள்.

நம்ம ஊர்ப் பழைய விவரம் சென்னை ஆவணங்களில் ஏன் கிடைப்பதில்லை?

மேலே சொன்ன அதே காரணம்தான். 1956-க்கு முந்தைய அரசு ஆவணம் வேண்டுமென்றால் திருவனந்தபுரத்தைப் பார்க்கணும், கேரள ஆவணக் காப்பகம் அங்கே இருக்கிறது. மதராஸ் மாகாண மக்கள்தொகைக் கணக்கில் தோவாளையையும் கல்குளத்தையும் தேடி ஒரு நாளை வீணடித்த மாணவர்களை எனக்குத் தெரியும். திருவிதாங்கூர் தனியாகக் கணக்கெடுத்துத் தனித் தொகுதிகளாக வெளியிட்டது. நாகம் அய்யா எழுதி 1906-இல் வந்த திருவிதாங்கூர் மாநிலக் கையேடு நல்ல தொடக்கம். ஆனால் அது அரசின் சார்பில் எழுதப்பட்டது என்பதை மனதில் வைத்துக்கொண்டு படிக்கணும். தோள்சீலைப் போராட்டம் மாதிரி விஷயங்களில் அரசு ஒன்று சொல்லும், மிஷனரிகள் ஒன்று சொல்லுவார்கள், வீட்டில் பாட்டி சொல்லுவது மூன்றாவதாக இருக்கும். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதுகிறவன்தான் ஆய்வு செய்கிறான்.

பழைய பத்திரங்களில் கொல்லம் ஆண்டு இருக்கும். கணக்கு சுலபம். ஆண்டு ஆவணியில் பிறக்கும். ஆவணியிலிருந்து டிசம்பர் முடியும் வரை 824 கூட்டணும், ஜனவரி முதல் ஆடி வரை 825. கொல்லம் 1090 மாசி என்றால் 1915 பிப்ரவரி அல்லது மார்ச். இதைத் தெரியாமல் எல்லாவற்றுக்கும் 825 போட்டு, தாத்தா நிலத்தை ஒரு வருஷம் தள்ளி வாங்கியதாக எழுதியவர்கள் உண்டு.

மலையாளம் வாசிக்கத் தெரியாது என்று தயங்க வேண்டாம். விளவங்கோடு பக்கத்துப் பிள்ளைகளில் ஒருவர் வீட்டிலாவது வாசிக்கத் தெரிந்த பெரியவர் இருப்பார். கூட்டிவாருங்கள், டீ நான் வாங்கித் தருகிறேன்.

கூகுளில் முதலில் வருவதை எடுத்துக்கொண்டால் என்ன தப்பு?

முதலில் வருவது சரியாகவும் இருக்கலாம். சரியா என்று எப்படித் தெரிந்துகொண்டீர்கள் என்பதுதான் என் கேள்வி.

கால்வாய்த் தண்ணீரைச் சுமந்து போகும் மாத்தூர் தொட்டிப் பாலத்தை எல்லாரும் பார்த்திருக்கிறோம். அதன் நீளத்தைத் தேடிப் பாருங்கள். ஒரு கிலோமீட்டர் என்று சில இடத்தில் வரும், அதில் பாதிகூடத் தேறாத அளவு வேறு சில இடத்தில் வரும். உயரத்திலும் ஒற்றுமை இல்லை. 'ஆசியாவிலேயே' என்ற சொல் மட்டும் எல்லாவற்றிலும் தவறாமல் இருக்கும். ஒரு சுற்றுலாப் பக்கம் எழுதியதை அடுத்த பக்கம் எடுத்திருக்கிறது, அதிலிருந்து பத்திரிகை, பத்திரிகையிலிருந்து மறுபடியும் சுற்றுலாப் பக்கம். பத்துப் பக்கத்தில் ஒரே எண் இருப்பதால் பத்து ஆதாரம் இருக்கிறது என்று ஆகாது. பத்தும் ஒரே வாயிலிருந்து வந்திருக்கலாம். வகுப்பில் இந்தப் பாலத்தைக் கொடுத்து, "அளந்தவர் யார்? அதைக் கண்டுபிடித்துவிட்டு வாருங்கள்" என்று அனுப்புவேன். பொதுப்பணித் துறை வரை போன குழு ஒன்று உண்டு. இன்னொரு குழு டேப்பை எடுத்துக்கொண்டு பாலத்துக்கே போய்விட்டது.

ஒரு பக்கம் நம்பத்தக்கதா என்று பார்க்க, அந்தப் பக்கத்தையே உற்று உற்றுப் பார்ப்பதில் பெரிய பலன் இல்லை. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினர் 2017-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதைக் காட்டியது. வரலாற்று ஆய்வாளர் 10 பேர், தொழில்முறைத் தகவல் சரிபார்ப்பவர் 10 பேர், இளங்கலை மாணவர் 25 பேருக்கு ஒரே இணையப் பக்கங்களைக் கொடுத்தார்கள். முனைவர் பட்டம் வாங்கிய வரலாற்றாசிரியர்களே பளபளப்பான பக்கத்தைப் பார்த்துப் பல நேரம் ஏமாந்தார்கள். சரிபார்ப்பவர்கள் பக்கத்தில் தங்கவே இல்லை. உடனே பிரவுசரில் புதிய டேப் திறந்து, இதை நடத்துவது யார், மற்றவர்கள் இவர்களைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று தேடினார்கள். கல்யாணத்துக்கு வரன் விசாரிக்கும்போது மாப்பிள்ளையிடமா கேட்கிறோம்? பக்கத்து வீட்டில்தானே கேட்கிறோம். அதே வேலைதான்.

நம்பத்தக்க இரண்டு இடத்தில் இரண்டு விதமாக இருந்தால்?

அங்கேதான் சுவாரஸ்யமே. குளச்சல் போரை எடுத்துக்கொள்ளுங்கள். 1741-இல் மார்த்தாண்டவர்மாவின் படை டச்சுக்காரர்களைத் தோற்கடித்தது. ஜூலை 31 என்று சில நூல்களிலும் ஆகஸ்ட் 10 என்று சில நூல்களிலும் இருக்கும். ஒரு வருஷம் ஆகஸ்ட் 10 அன்று நூலகப் பலகையில் 'இன்று குளச்சல் போர் நாள்' என்று சாக்பீசால் எழுதி வைத்தேன். மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் மகளுக்குப் புத்தகப் பாக்கி இல்லை என்ற நோ டியூ சான்று வாங்க வந்தவர், பலகையைப் பார்த்துவிட்டு, "சார், நாங்க ஜூலை 31-ல அல்லவா குளச்சல் வெற்றித் தூண்ல மரியாதை செய்வோம்" என்றார். பலகையை அழித்தேன்.

'பழைய (ஜூலியன்) நாட்காட்டி, புதிய (கிரெகோரியன்) நாட்காட்டி வித்தியாசம்' என்று இதற்கு விளக்கம் சொல்லுவார்கள். அழகான விளக்கம்தான். வரலாற்றுத் துறை மாணவி ஒருத்தி விரல் விட்டு எண்ணினாள். அந்த நூற்றாண்டில் இரண்டு நாட்காட்டிக்கும் இடைவெளி 11 நாள். ஜூலை 31-உடன் 11 கூட்டினால் ஆகஸ்ட் 11 வருகிறது, 10 வரவில்லை. ஒரு நாள் இடிக்கிறது. பெரிய கண்டுபிடிப்பு என்று சொல்ல மாட்டேன், ஆனால் கொடுத்த விளக்கத்தை அப்படியே விழுங்காமல் கணக்குப் போட்டுப் பார்த்தாளே, மூன்று வருஷ வகுப்பில் நான் கேட்பது அதுதான். அசைன்மென்டில் இரண்டு தேதியையும், எது எங்கே இருக்கிறது என்பதையும் எழுதினாள். முழு மார்க்.

அந்தப் போரில் பிடிபட்டுப் பிறகு திருவிதாங்கூருக்கே படைத்தலைவரான டச்சுக்காரர் டிலனாய் 1777-இல் இறந்தார். கல்லறை உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கிறது, கல்வெட்டு லத்தீனிலும் தமிழிலும். தக்கலைக்குப் பஸ் ஏறினால் போய்ப் பார்த்துவிடலாம். முதன்மை ஆதாரம் என்றால் என்ன என்று நான் அரை மணி நேரம் பேசுவதைவிட அந்தக் கல்லின் முன்னால் ஐந்து நிமிஷம் நிற்பது மேல்.

விக்கிப்பீடியா பார்க்கலாமா?

பாருங்கள். படித்துவிட்டு அடிக்குறிப்புக்குப் போங்கள், அங்கே இருப்பதை மேற்கோள் காட்டுங்கள்.

சாட்ஜிபிடி கொடுத்த புத்தகப் பட்டியலில் ஒன்றுகூட நூலகத்தில் இல்லை. ஏன் வாங்கவில்லை?

இந்தக் கேள்வி இப்போது வாரத்துக்கு ஒன்றாவது வருகிறது. நாங்கள் வாங்காமல் விட்டதும் உண்டு. ஆனால் பல நேரம் அப்படி ஒரு புத்தகமே உலகத்தில் கிடையாது. ஆசிரியர் பெயர் இருக்கும், ஆண்டு இருக்கும், பக்க எண்கூட இருக்கும், எல்லாம் கோர்த்துச் செய்தது. 2023-இல் நியூயார்க்கில் இரண்டு வழக்கறிஞர்கள் இப்படி வந்த போலித் தீர்ப்புகளை நீதிமன்றத்திலேயே தாக்கல் செய்து 5,000 டாலர் அபராதம் கட்டினார்கள். படித்த வழக்கறிஞருக்கே அந்த கதி.

நான் தடை சொல்லவில்லை. தலைப்பைச் சுருக்க, தேடுசொல் யோசிக்க, கடினமான ஆங்கிலப் பத்தியைப் புரிந்துகொள்ளப் பயன்படுத்துங்கள். அது சொல்லும் நூலைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்க்காமல் அசைன்மென்டில் எழுதாதீர்கள். உள்ளூர் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும், நம்ம ஊரைப் பற்றி அதற்குத் தெரிந்தது கொஞ்சம், அளப்பது ஜாஸ்தி.

கட்டுரையைத் திறந்தால் பணம் கேட்கிறதே?

கட்டாதீர்கள். கல்லூரிகளுக்கு மின்னிதழும் மின்நூலும் தரும் என்-லிஸ்ட் திட்டத்தில் உங்கள் கல்லூரி உறுப்பினராக இருந்தால் யூசர் ஐடியை நூலகத்தில் கேட்டு வாங்குங்கள், அது வீட்டிலிருந்தும் வேலை செய்யும். 2025 ஜனவரி 1 முதல் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் சுமார் 13,000 ஆய்விதழ்கள் அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்குக் கிடைக்கின்றன. ஆய்வேடு வேண்டுமென்றால், இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைச் சேர்த்து வைத்திருக்கும் ஷோத்கங்கா தளம் இலவசம். மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழக ஆய்வேடுகளும் அதில் இருப்பதால் நம் மாவட்டத் தலைப்புகள் நிறையத் தேறும். எதிலும் இல்லையென்றால் கட்டுரை ஆசிரியருக்கே மரியாதையாக ஒரு மெயில் போடுங்கள். பலர் அனுப்பிவிடுவார்கள்.

அப்பா, பாட்டி சொன்னதை ஆதாரமாகக் காட்டலாமா?

தாராளமாக. ஆனால் கேட்ட தேதி, இடம், அவர் என்ன வேலை செய்தவர், நேரில் பார்த்ததைச் சொல்கிறாரா கேட்டதைச் சொல்கிறாரா என்று குறித்துக்கொள்ளணும். பெயர் போடலாமா என்று கேட்டு, சம்மதித்தால் மட்டும் போடணும். மேலே சொன்ன தூத்தூர்ப் பையனின் அப்பா, வயர்லெஸ் எத்தனை கடல்மைல் வரை எட்டும் என்று சொன்னது எந்த அறிக்கையிலும் அவனுக்குக் கிடைக்கவில்லை. அதேபோல் எச்சரிக்கை எந்தத் தேதியில் எத்தனை மணிக்கு வெளியானது என்று அப்பாவுக்குத் தெரியாது, அதற்கு வானிலைத் துறை அறிக்கைதான் வேண்டும். இரண்டையும் சேர்த்தபோதுதான் இடையில் இருந்த ஓட்டை தெரிந்தது.

எத்தனை சதவீதம் வரை காப்பி அடிக்கலாம்?

கேள்வியே இப்படித்தான் வருகிறது, என்ன செய்ய! பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 விதிமுறைப்படி ஆய்வேட்டில் 10 சதவீதம் வரை ஒத்திருந்தால் தண்டனை இல்லை. 10-க்கு மேல் 40 வரை என்றால் திருத்தி மறுபடி சமர்ப்பிக்கணும், 40-க்கு மேல் 60 வரை என்றால் ஒரு வருஷம் காத்திருக்கணும், 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து. அந்த 10 சதவீதத்தைச் சலுகை என்று எண்ணிக்கொண்டு ஒன்பதரைக்குக் கொண்டுவந்து நிறுத்தப் பாடுபடுகிறவர்களைப் பார்த்தால் பரிதாபமாக இருக்கும். மென்பொருள் சொல் ஒத்துப்போவதை மட்டும்தான் பார்க்கும். ஒருவர் யோசித்ததை உங்கள் வார்த்தையில் மாற்றி எழுதி, அவர் பெயரைச் சொல்லாமல் விட்டால் பூஜ்யம் சதவீதம் காட்டும், அதுவும் திருட்டுதான்.

ஜெராக்ஸ் கடையில் பைண்டிங்கோடு விற்கும் ரெடிமேட் ப்ராஜெக்ட்டைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை. வைவாவில் மூன்றாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

ஆசிரியர்கள் இதற்கு எப்படி மார்க் போடுவது?

கட்டுரைக்கு மட்டும் போடாதீர்கள். கூடவே ஒரு பக்கத் தேடல் குறிப்பு கேளுங்கள். என்ன சொல் போட்டுத் தேடினேன், எங்கே தேடினேன், என்ன கிடைத்தது, எதை ஒதுக்கினேன், ஏன் ஒதுக்கினேன். இன்டர்னலில் ஐந்து மார்க் இதற்கு ஒதுக்கினால் போதும். கட்டுரையைக் கடையில் வாங்கலாம், தேடல் குறிப்பை வாங்க முடியாது. 'ஏன் ஒதுக்கினேன்' என்ற வரியை முதலில் படியுங்கள். "பழசு என்பதால்" என்று மட்டும் எழுதியிருந்தால் இன்னும் கற்றுக்கொள்ளணும். "2005 சுனாமி நிவாரண அறிக்கை, வீடுகள் பற்றித்தான் பேசுகிறது, எச்சரிக்கை பற்றி இல்லை" என்று எழுதியிருந்தால் அந்தப் பிள்ளை அறிக்கையைத் திறந்து பார்த்திருக்கிறது.

மேற்கோள் எந்த முறையில் எழுதணும்?

உங்கள் துறை சொல்லும் முறையில். எதுவாக இருந்தாலும் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒன்றாக இருக்கட்டும். புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும் முன்பு பக்க எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், கடைசி நாளில் அதற்காகவே பத்துப் பேர் ஓடி வருகிறார்கள்.

கேட்டலாக்கில் இருக்கிறது என்று காட்டுகிறது, ரேக்கில் புத்தகம் இல்லை. என்ன செய்ய?

முதலில் அதே தட்டில் இடது பக்கம் பத்து, வலது பக்கம் பத்துப் புத்தகம் பாருங்கள், இடம் மாறியிருக்கலாம். தேடி வந்ததைவிட நல்ல புத்தகம் அந்த இருபதில் கிடைப்பதும் உண்டு. பிறகு வாசிப்பு மேசைகளையும் திருப்பிக் கொடுத்தவை கிடக்கும் தள்ளுவண்டியையும் ஒரு பார்வை பாருங்கள். அப்புறம் அந்தப் பிரதிக்குக் கேட்டலாக்கில் இருக்கும் பதிவு எண், அதாவது அக்செஷன் நம்பரோடு கவுன்டருக்கு வாருங்கள். ஐப்பசி மழை சமயமென்றால் ஈரம் பட்டதென்று எடுத்து உள்ளறையில் மின்விசிறிக்குக் கீழே விரித்து வைத்திருப்போம்.